மாத்திரையை மறைக்காதீர்கள்

வலிப்பு நோய் உள்ளவர்களின் பெற்றோருக்கும் மற்ற வீட்டாருக்கும்,

அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாதாமாதம் நீங்கள் சீட்டை நீட்டும் சன்னலுக்கு உட்புறம் நிற்பது நான். உங்களில் பலரை முகம் பார்த்தாலே எனக்குத் தெரியும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் போகட்டும் என்று தூணோரம் ஒதுங்கி நிற்பீர்கள். கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஃபிட்ஸ் மாத்திரை" என்பீர்கள். வாங்கிய கையோடு ஓரமாக உட்கார்ந்து, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துப் பழைய சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொள்வீர்கள். வெற்று அட்டை அங்கேயே குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். மகளின் புகுந்த வீட்டிலோ, பையனின் பள்ளிக்கூடத்திலோ, பக்கத்து வீட்டிலோ யாரும் அதன் பெயரைப் படித்துவிடக் கூடாது என்பது உங்கள் பயம்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறைத்து வைத்த மாத்திரை வேளைக்குக் கைக்கு வராது. மாமியார் அடுப்படியை விட்டு நகரட்டும், விருந்தாளிகள் தூங்கட்டும் என்று காத்திருக்கும் பெண், பல இரவுகள் மாத்திரை போடாமலே தூங்கிப்போகிறாள். விடுதியில் நண்பர்கள் கேட்பார்களே என்று கூசும் பையன் டப்பாவை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகிறான். பிறகு ஒருநாள் வலிப்பு வருகிறது. அதுவும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வருகிறது. எதை மறைக்க இவ்வளவு பாடுபட்டீர்களோ, அதை அந்த மறைப்பே வெளியே கொண்டுவந்துவிடுகிறது.

உங்கள் டப்பாவில் இருக்கும் மாத்திரையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சன்னலில் நின்று சொல்ல எனக்கும் நேரம் வாய்ப்பதில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். அது என்ன, எப்படி நமக்கு வந்தது என்று தெரிந்தால், அதை ஒளித்து வைக்க உங்களுக்கே கை வராது என்று நம்புகிறேன்.

நீங்கள் 'கார்டினால்' என்று சொல்லி வாங்குவது ஃபீனோபார்பிட்டோன். அதற்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் பேயர் நிறுவனம் 1912இல் இதை 'லூமினால்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தூக்க மருந்தாகத்தான் கொண்டுவந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'வெரோனால்' என்ற தூக்க மருந்து அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புழக்கத்தில் இருந்தது. லூமினால் வந்த ஆண்டில் ஃபிரைபர்க் நகரத்து மருத்துவமனையில் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மன் என்ற இளம் மருத்துவர் பணியில் இருந்தார். வலிப்பு நோயாளிகளின் கூடத்துக்கு மேலேயே அவர் குடியிருந்தார் என்றும், இரவில் அவர்கள் வலிப்பு வந்து விழும் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் கலைந்துகொண்டே இருந்தது என்றும் சொல்வார்கள். நோயாளிகள் தூங்கட்டும் என்று லூமினால் கொடுத்தார். அவர்கள் தூங்கினார்கள். ஆனால் பகலிலும் அவர்களுக்கு வலிப்பு குறைந்திருந்தது. வேறொருவராக இருந்தால் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஹவுப்ட்மன் கவனித்தார், குறித்துவைத்தார், அதே 1912இல் மருத்துவ இதழில் எழுதினார்.

அதற்கு முன் வலிப்புக்கு என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். 1857 முதல் பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பு இருந்தது. அது சிலருக்கு வலிப்பைக் குறைத்தது. கூடவே முகமெல்லாம் கொப்புளம், மந்தம், நினைவுத் தடுமாற்றம் எல்லாம் தந்தது. அதற்கும் முன் தலைமுறை தலைமுறையாக உலகம் முழுக்க இருந்தவை பெரும்பாலும் மந்திரமும் சூடும் சங்கிலியும்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை 1912க்கு முன் வாழ்ந்திருந்தால் இவற்றில் ஒன்றுதான் அவனுக்குக் கிடைத்திருக்கும்.

இன்னொரு மாத்திரையை 'எப்டாயின்' என்று கேட்டு வாங்குவீர்கள். அது ஃபெனிட்டாயின். ஹைன்ரிஷ் பில்ட்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1908இல் அதை உருவாக்கினார். அது தூக்கத்தை வரவழைக்கவில்லை. வலிப்பு மருந்து என்றால் ஆளைத் தூங்கவைக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. அதனால் அந்தச் சேர்மம் எவருக்கும் பயன்படாமல் முப்பது ஆண்டுகள் கிடந்தது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஹூஸ்டன் மெரிட், டிரேசி பட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள், பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கி, எந்தச் சேர்மம் அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மருந்து நிறுவனம் ஒன்று தன் கிடங்கில் கிடந்த சேர்மங்களை அவர்களுக்கு அனுப்பியது. அவற்றில் ஒன்றுதான் ஃபெனிட்டாயின். அது வலிப்பைத் தடுத்தது, தூங்கவும் வைக்கவில்லை. 1938இல் அவர்கள் அதை வெளியிட்டபோது, வலிப்பு இல்லாமலும் தூங்கி வழியாமலும் ஒருவர் வேலைக்குப் போகலாம், படிக்கலாம் என்ற நிலை முதன்முதலாக உருவானது.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1908 முதல் 1938 வரை அந்த மருந்து உலகத்தில் இருந்தது. தேவைப்பட்டவர்களின் வாய்க்குத்தான் போய்ச் சேரவில்லை. அந்த முப்பது ஆண்டுகளில் வலிப்பு வந்து கிணற்றில் விழுந்தவர்களையும் அடுப்பில் விழுந்தவர்களையும் எவரும் இந்த மருந்தைக் கொண்டு காப்பாற்றியிருக்க முடியாது. ஏனென்றால் இப்படி ஒரு மருந்து இருப்பது எவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இருந்தும் அது நோயுள்ளவரின் வாய்க்குப் போகாமல் பீரோவின் துணி அடுக்குக்குள் கிடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"அரசாங்கத்தில் சும்மா கொடுக்கிற பழைய மாத்திரைதானே, இது கேட்குமா?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்கும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இந்த இரண்டும் இன்றும் உள்ளன. வலிப்பு உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை, சரியான மருந்தை முறையாக எடுத்தால் வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஏழை நாடுகளில் அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே எட்டுவதில்லை. உங்களுக்கு எட்டியிருக்கிறது.

இவற்றில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஃபெனிட்டாயின் நெடுநாள் எடுத்தால் சிலருக்கு ஈறு வீங்கிப் பற்களை மூடத் தொடங்கும். ஃபீனோபார்பிட்டோன் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். சில குழந்தைகளைக் காரணமில்லாமல் துறுதுறுவென்று ஆக்கிவிடும். இரண்டையும் பல ஆண்டுகள் எடுக்கும்போது எலும்பு பலவீனப்படலாம். மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தாலோ, வாய் புண்ணானாலோ அன்றே மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டும். புதிய மருந்துகள் பல வந்திருக்கின்றன. சிலருக்கு அவையே பொருந்தும். இதெல்லாம் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. ஈறு வீங்குகிறது என்று சொன்னால் அவர் மருந்தை மாற்றுவார். சொல்லாமல் நீங்களே நிறுத்தினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் நிறுத்தக் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள். அடியில் சிறு ஓட்டை உள்ள தொட்டியில் நீர்மட்டம் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் தினமும் ஒரு குடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவும் அப்படித்தான். ஃபீனோபார்பிட்டோன் மெதுவாக வடியும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். அதனால்தான் தொடங்கியபின் அது நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கிறது. அதனால்தான் நிறுத்திய மறுநாள் ஒன்றும் ஆவதில்லை. "இரண்டு நாள் போடவில்லை, நன்றாகத்தானே இருக்கிறான்" என்று உங்களுக்குத் தைரியம் வருவது இந்த இடத்தில்தான். அந்தத் தைரியத்தை நம்பாதீர்கள். மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மருந்துக்குப் பழகிய மூளையில் அது திடீரென்று இல்லாமல் போகும்போது, முன்பு வந்ததைவிடக் கடுமையான வலிப்பு, ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று தொடரலாம். உயிரே போகக்கூடிய நிலை அது.

ஃபெனிட்டாயினில் வேறொரு ஆபத்து உண்டு. ஓர் அளவைத் தாண்டினால் ஈரல் அதை வெளியேற்றத் திணறும். அப்போது சிறிதளவு கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து தாறுமாறாக ஏறிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். ஆகவே நேற்று விட்டதற்கும் சேர்த்து இன்று கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். வேளை தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதெல்லாம் நீங்கள் நிறுத்துகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வரும் வாரத்தில் நிறுத்துகிறீர்கள். மகள் கருவுற்றதும் பிள்ளைக்கு ஆகாது என்று நிறுத்துகிறீர்கள். ஒரு மண்டலம் நாட்டு மருந்து, அதுவரை இங்கிலீஷ் மருந்தைத் தொடக் கூடாது என்று யாரோ சொன்னதும் நிறுத்துகிறீர்கள். ஓர் ஆண்டு வலிப்பு வரவில்லை, குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறீர்கள். கருவுற்ற பெண்ணுக்கு எந்த மருந்து நல்லது, எது கூடாது என்பது மிகவும் முக்கியமான கேள்விதான். சில வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதும் உண்மைதான். அதனாலேயே கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே மருத்துவரிடம் சொல்லி, வேண்டுமானால் மருந்தை மாற்றி, ஃபோலிக் அமில மாத்திரையும் தொடங்க வேண்டும். கர்ப்பத்தில் தாய்க்குக் கடுமையான வலிப்பு வந்தால் அது தாய்க்கும் கேடு, சேய்க்கும் கேடு. வலிப்பில்லாமல் குறைந்தது இரண்டு ஆண்டாவது கடந்தபின், மருத்துவர் பார்த்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது ஒரு வழி. நீங்களாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து.

கல்யாணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. உங்கள் பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வலிப்பு இருக்கிறது என்று சொன்னால் சம்பந்தம் அமையாது, சொல்லாமல் முடித்தால் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டியவள் உங்கள் மகள். புது வீட்டில், புது மனிதர்கள் நடுவே, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, தூக்கம் கெட்டு, பட்டினி விரதம் இருந்து, வலிப்பைத் தூண்டும் அத்தனையையும் ஒரே நேரத்தில் சுமக்கிறாள். அவளைக் காப்பதாக நினைத்து நீங்கள் அவளைத் தனியாக விட்டுவிடுகிறீர்கள்.

சட்டம்கூட ஒரு காலத்தில் உங்கள் பயத்தின் பக்கம்தான் இருந்தது. இந்துத் திருமணச் சட்டம், வலிப்பு உள்ளவரைத் திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று வைத்திருந்தது. 1999இல் நாடாளுமன்றம் அந்த வார்த்தையை நீக்கியது. இப்போது வலிப்பு இருக்கிறது என்ற காரணத்தால் எந்தத் திருமணமும் செல்லாததாகாது. சட்டம் மாறியதை நம் வீடுகள் இன்னும் அறியவில்லை. உறவினர் கூடும் இடத்தில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

மருந்து மட்டும் போதாது, மனிதர்களும் மாற வேண்டும் என்பதற்கு அந்த ஹவுப்ட்மன் வாழ்ந்த நாடே சாட்சி. வலிப்பை அடக்கும் மருந்தை உலகுக்குக் கொடுத்த அதே ஜெர்மனியில், 1933இல் நாஜி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை வலிப்பு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அது வழிவகுத்தது. ஹவுப்ட்மன் யூதர். 1935இல் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. 1938இல் டாஹாவ் வதைமுகாமில் அடைத்தார்கள். பிறகு நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1948இல் பாஸ்டனில் இறந்தார். மருந்துக் கடையில் லூமினால் இருந்தும், வலிப்பு உள்ளவர்களை அந்தச் சமூகம் மனிதராக மதிக்கவில்லை. நோயுள்ளவரைக் குறைபட்டவராகப் பார்க்கும் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அந்த நாடு காட்டிவிட்டது. நம் வீட்டுத் திண்ணையில் அந்தப் பார்வைக்கு இடம் கொடுக்கலாமா?

பரம்பரை என்ற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். சில வகை வலிப்புகளுக்கு மரபு ஒரு காரணம்தான். ஆனால் நம் ஊரில் காரணங்கள் வேறு பலவும் உண்டு. பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத் திணறியிருக்கலாம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். மூளைக் காய்ச்சலோ பக்கவாதமோ வந்திருக்கலாம். மலம் கலந்த நீர் வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் பன்றி நாடாப்புழுவின் முட்டை உடம்புக்குள் போய், மூளையில் கட்டியாக உட்கார்ந்திருக்கலாம். இது இறைச்சியே தொடாதவர்களுக்கும் வரும். இவற்றில் எது குலத்தின் குற்றம்? எது முன்வினை? வலிப்பு தொற்றாது. பேய் பிடித்ததும் அல்ல. மூளையின் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி மின் துடிப்பை அனுப்புவதால் வருவது. ஃபீனோபார்பிட்டோன் அந்தத் துடிப்பை அடக்கும் மூளையின் சொந்த ஏற்பாட்டுக்குப் பலம் சேர்க்கிறது. ஃபெனிட்டாயின், ஓயாமல் துடிக்கும் நரம்புகளில் சோடியம் புகும் வாசலை அடைக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துக்கொள்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை.

மறைப்பதில் இன்னொரு கேடு உண்டு. தெரியாதவர் உதவ முடியாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பற்களுக்கு நடுவே கரண்டியைச் செருகுவதும், கைகால்களை அமுக்கிப் பிடிப்பதும் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். இரும்பு எதையும் நிறுத்தாது. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், சாவி நிறுத்தியதாகப் பெயர் வாங்கிக்கொள்ளும். கரண்டி பல்லை உடைக்கும். செய்ய வேண்டியது எளிது. அருகில் உள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். முழுதாக நினைவு திரும்பும் வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடியும் வந்தாலோ 108ஐ அழையுங்கள். இதை உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாமியாரும் கணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

மாத்திரையை அதன் அட்டையிலேயே, பெயரும் காலாவதி நாளும் தெரியும்படி, கண்ணுக்குத் தெரியும் அலமாரியில் வையுங்கள். சிறு குழந்தைகளின் கைக்கு மட்டும் எட்டக் கூடாது. ஒரே நேரத்தில், ஒரே வேலையோடு சேர்த்து மாத்திரை போடப் பழக்குங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்றால் தினமும் அப்படியே.

கடைசி அட்டை தீரும் வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே வாங்க வாருங்கள். இருப்பு இல்லை என்று எந்த மருத்துவமனையிலாவது சொன்னால் வெறுங்கையோடு திரும்பிவிடாதீர்கள். மருத்துவ அலுவலரைப் பாருங்கள், எழுதிக் கேளுங்கள், அதுவரைக்கு என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். நீங்கள் ஒளிந்து வந்து வாங்கிப் போகும்வரை, எத்தனை பேருக்கு இந்த மருந்து தேவை என்பது எவருடைய காதிலும் ஏறாது. சத்தம் போட்டுக் கேட்பவர்களுக்குத்தான் இருப்பு வந்து சேரும்.

கிணற்றடி, குளம், மொட்டை மாடி, எரியும் அடுப்பு ஆகிய இடங்களில் அவர்களைத் தனியே விடாதீர்கள். குளியலறையை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டி ஓட்டுவதை மருத்துவர் சொல்லும்வரை தவிர்க்கச் சொல்லுங்கள். அதற்காகப் படிப்பையும் வேலையையும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியது. இந்த வாரத்துக்குள் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். ஆசிரியராக இருக்கட்டும், சம்பந்தியாக இருக்கட்டும், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கட்டும். "எங்கள் பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறது, மாத்திரை போடுகிறான், வந்தால் இப்படிச் செய்யுங்கள்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். முதல் முறை நாக்கு எழாது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் உங்கள் பிள்ளை, தன்னிடம் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வான். அதன்பிறகு மாத்திரை போடச் சொல்லி நீங்கள் அவனைத் துரத்த வேண்டியிருக்காது.

மிகுந்த அக்கறையுடன்,
உங்கள் மருந்தாளுநர்